மூன்றாவது வரி காலி

மே 5, திங்கள்

இன்று மத்தியானம் ஏசியில் E4 வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டில் ஒரு சாமான் மக்கர் செய்தால் சந்தோஷப்படுகிற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். என்ன செய்ய, பத்து வருஷமாக இந்த நாளுக்காகக் காத்திருந்திருக்கிறேன். மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, வாஷிங் மெஷின் என்று பெட்டிக்குள் சாமானோடு வருகிற கையேட்டைத் தமிழில் எழுதுவது என் பிழைப்பு. இதுவரை அறுபத்து மூன்று. அதில் ஒன்றையாவது ஒரு மனுஷர் பிரித்துப் படித்து நான் பார்த்ததில்லை. பெட்டியைத் திறந்ததும் தெர்மோகோலோடு சேர்ந்து குப்பைக்குப் போகிற இனம் அது.

இந்த ஏசியை வாங்கியதே அதனால்தான். கடையில் ஏழெட்டு மாடல் நின்றது. புதிதாக வந்த இதற்குக் கையேடு எழுதியவள் நான். "இதையே எடுப்போம், புத்தகம் நம்மளுது" என்றேன். ஏசிக்குப் புத்தகம் இலவசமா, புத்தகத்துக்கு ஏசி இலவசமா என்று கேட்டுக்கொண்டேதான் என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார்.

மகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். காற்று சூடாக வருகிறது, என்னவோ மின்னுகிறது என்று உள்ளேயிருந்து கத்தினாள். சாப்பாட்டுக்கு வந்திருந்த இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஈ நாலு உக்காந்திருக்கு, விசிறியால ஓட்டிவிடு" என்றார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவருக்கு எதைப் பார்த்தாலும் எழுத்துதான் முதலில் கண்ணில் படும்.

நான் ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்தேன். பக்கம் இருபத்திரண்டு. நாற்காலியில் ஏறி நின்று உரக்கப் படித்தேன். "E4 – காற்று வடிகட்டியில் தூசு அடைத்துள்ளது. வடிகட்டியைக் கழற்றித் தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டவும்." அந்த 'நிழலில்' என்ற சொல்லுக்காக அன்று அரை மணி நேரம் மண்டையைக் குடைந்தது ஞாபகம் வந்தது. கழுவினேன், உலர்த்தினேன், மாட்டினேன். போட்டதும் ஜில்லென்று வந்தது. மகள்கூட "பரவாயில்லையேம்மா" என்றாள்.

பரவாயில்லையா! என் வாக்கியம் ஒரு இயந்திரத்தைக் குணப்படுத்தியிருக்கிறது.


மே 6, செவ்வாய்

ஓடுகிறது. மாடிப்படியில் எதிர்ப்பட்ட கீழ்வீட்டம்மாவை நிறுத்தி, எந்தச் சாமான் வாங்கினாலும் முதலில் கையேட்டைப் படியுங்கள் என்று பத்து நிமிஷம் புத்தி சொன்னேன். அவர் கையில் கனமான பை இருந்ததை அப்புறம்தான் கவனித்தேன்.


மே 8, வியாழன்

மறுபடி E4. பரவாயில்லை. வடிகட்டி என்றால் தூசு சேரத்தானே செய்யும். இந்தத் தடவை பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் கண்ணி கண்ணியாகத் தேய்த்தேன்.

மூன்று மணி நேரம் ஓடிவிட்டு மறுபடி E4.

மகள் ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு படிக்கிறாள். சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்துவிட்டேன். நாளைக்கு ஆள் வருகிறதாம்.


மே 9, வெள்ளி

மெக்கானிக் வந்தார். என்ன ஒரு நாள்!

நாற்பது வயது இருக்கும். காதில் ஒரு கட்டைப் பென்சில். பேச்சு நம் காதுக்கு வருவதற்குள் தேய்ந்துபோகிற குரல். முன்மூடியைக் கழற்றி, உள்ளே கையை விட்டு, மெல்லிய ஒயர் ஒன்றை வெளியே எடுத்தார். ஒயரின் நுனியில் கிராம்பு அளவுக்கு ஒரு உலோக மொட்டு. அதை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, மறு முனையை மீட்டரில் மாட்டி, "மீட்டரைப் பாருங்க மேடம்" என்றார்.

நான் மீட்டரைப் பார்க்கவில்லை. பக்கம் இருபத்திரண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சென்சார் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார். வந்ததே! இந்தக் கதை எனக்குத் தெரியாதா? கழுவினால் தீருகிற விஷயத்துக்குப் புது சாமான் தலையில் கட்டுகிறவர்களைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறார்களே. நான் நிதானமாகக் கேட்டேன்.

"E4னா பில்டர்னுதானே புக்ல போட்டிருக்கு?"

"புக்ல அப்படித்தான் மேடம் இருக்கு. மெஷின்ல இப்படித்தான் இருக்கு."

ஆகா, தானாக வந்து வலையில் விழுகிறார் என்று நினைத்தேன். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல எனக்கு வாழ்க்கையில் வேறு சந்தர்ப்பமே வராது. சொன்னேன்.

"அந்தப் புக்கை எழுதினதே நான்தான்."

அவர் என்னைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார். பால்கனி நிழலில் காய்ந்துகொண்டிருந்த வடிகட்டியைப் பார்த்தார். "அப்போ நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல மேடம்" என்று எல்லாத் திருகாணியையும் ஒன்றுவிடாமல் முடுக்கி, கீழே விழுந்த தூசியைத் துணியால் துடைத்து எடுத்துக்கொண்டு, வந்த கூலிகூடக் கேட்காமல் போனார். திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல.

எனக்கு நானே கைதட்டிக்கொள்ளலாம்போல இருந்தது.


மே 10, சனி

புகார் கொடுத்துவிட்டேன். போன் எடுத்த பெண் கேட்டுவிட்டுச் சொன்னாள், அந்த ஆள்மேல் இது மூன்றாவது புகாராம். மூன்று வீட்டிலும் E4. மூன்று வீட்டிலும் கையேடு பில்டர் என்கிறது, அந்த ஆள் சென்சார் என்றிருக்கிறார். இன்றோடு அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைக்கிறார்களாம், மாசக் கடைசியில் முடிவாம்.

மூன்று வீடு! அப்படியானால் என் புத்தகத்தை இன்னும் இரண்டு வீட்டில் படித்திருக்கிறார்கள்! இதை இவரிடம் சொன்னபோது குதித்தேன் என்றே சொல்ல வேண்டும். இவர் லென்ஸ் துடைத்துக்கொண்டே, "அவசரக்குடுக்கை. நாலு நாள் பொறுத்துப் பேசியிருக்கலாம்" என்றார். இவருக்கு எதிலும் நாலு நாள் பொறுக்க வேண்டும்.


மே 12, திங்கள்

வேறு மெக்கானிக் வந்தார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. வாசலிலேயே "E4தானே மேடம்?" என்றார். நான் ஏற்கெனவே மூன்று தடவை கழுவிய வடிகட்டியை நாலாவது தடவை கழுவி மாட்டிவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். எட்டே நிமிஷம். ஜில்லென்று ஓடுகிறது.

புத்தகப்படி நடக்கிறவர். இவரல்லவா மெக்கானிக்.


மே 14, புதன்

E4.

காலையில் வந்தது. அணைத்துப் போட்டால் கால் மணி நேரத்தில் மறுபடி வருகிறது. மகளுக்கு நாளை மறுநாள் முதல் பரீட்சை. புத்தகங்களை வாரிக்கொண்டு சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வடிகட்டியே மட்டமாகச் செய்திருக்கிறார்கள் என்று கம்பெனிக்கே எழுதுவது என்று உட்கார்ந்தேன். எழுதினால் ஆதாரத்தோடு எழுத வேண்டும். தமிழ்க் கையேட்டின் பக்கத்தைச் சொன்னால் போதாது, ஆங்கில மூலத்தின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரில் பழைய கோப்பைத் தேடி எடுத்தேன். பிழைக்குறிகளின் அட்டவணை. E1, அறைச் சென்சார். E2, ஈரப்பதம். E3 –

E3க்கு எதிரே ஒன்றுமில்லை. வெறும் கட்டம்.

E4, குளிர்குழாய்ச் சென்சார் பழுது. மெக்கானிக்கை அழைக்கவும். E5, காற்று வடிகட்டியில் தூசு.

ஐந்து. நாலு இல்லை.


மே 14, மாலை

எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

எப்படி நடந்தது என்று இப்போது நன்றாக ஞாபகம் வருகிறது. அச்சடித்தபோது ஒரு வரி விழாமல் போயிருக்கிறது, அசிரத்தையான ஆட்கள் என்று திட்டிக்கொண்டே அந்தக் காலி வரியை நானே வெட்டினேன். விளக்கங்களை எல்லாம் வரிசையாக அடித்து முடித்து, E1, E2 என்ற எண்களைக் கம்ப்யூட்டரே தானாகப் போட்டுக்கொள்ளும்படி செய்தேன். வேலை சீக்கிரம் முடிந்தது என்று அன்று சந்தோஷம் வேறு. ஒரு வரி போனதும் கீழே இருந்ததெல்லாம் ஒவ்வொரு படி மேலே ஏறிவிட்டது. E3லிருந்து எல்லாமே தப்பு. மூலத்தில் E9 வரை இருக்கிறது. என் புத்தகத்தில் E8ஓடு நின்றுவிட்டது. ஒன்று குறைகிறதே என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. சரிபார்த்தவர் ஒற்றெழுத்தை மட்டும் சரிபார்த்தார்.

அந்த மெக்கானிக் மீட்டரைப் பாருங்க மேடம்னார். பாருங்கன்னு சொன்னாரே. நான் என்னத்தைப் பார்த்தேன்?


மே 15, வியாழன்

எதுவும் ஓடவில்லை.

இவரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "ஊருக்கெல்லாம் கண்ணாடி போடறேன், வீட்டுல இருக்கறவளுக்கு ஒரு வரி தெரியல" என்று தன்மேலேயே பழியைப் போட்டுக்கொள்ளப் பார்த்தார். அதில் எனக்கு இன்னும் அழுகை வந்தது.

E4 வந்த வீடுகளில் மெக்கானிக் உள்ளதைச் சொன்னார், பொய்யர் என்று பேர் வாங்கினார். E5 வந்த வீடுகளில் என் புத்தகம் விசிறி மோட்டார் போச்சு என்று பயமுறுத்தியிருக்கும். அங்கே அவர் போய் பில்டரை மட்டும் கழுவிக் கொடுத்துவிட்டு, மோட்டார் நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருப்பார். அந்த வீட்டுக்காரர்கள் யாராவது போன் செய்து இந்த மனுஷர் நல்லவர் என்று சொன்னார்களா? அதற்கு யார் போன் செய்வார்கள்?

நான் போன் செய்தேனே. மறுநாளே போன் செய்தேனே. சந்தோஷமா போன் செஞ்சேனே, பாவி.

மேலே 'திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல' என்று எழுதி வைத்திருக்கிறேன். அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். வேண்டாம், இருக்கட்டும்.


மே 16, வெள்ளி

எனக்கு வேலை கொடுக்கிற மொழிபெயர்ப்பு நிறுவனத்துக்குப் போன் செய்தேன். அங்கே ஒருங்கிணைப்பாளர் ஒரு பெண், பத்து வருஷமாகப் பேசுகிறோம். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "யாரும் கவனிக்கலல்ல? அடுத்த பதிப்புல சத்தமில்லாம மாத்திக்கலாம்க்கா. நீங்களா போய் எழுதிக் குடுத்தா, எங்களுக்கும் வேற வழி இருக்காது" என்றாள். அவள் கெட்டவள் இல்லை. எனக்காகத்தான் சொன்னாள்.

அடுத்த பதிப்பு வருவதற்குள் மாசக் கடைசி வந்துவிடும். அதற்கு அப்புறம் மெக்கானிக்குக்கு இன்னொரு வேலைகூடக் கிடைக்காது. பொய் சொல்லிச் சாமான் மாற்றுகிறவன் என்ற பேர் ஒட்டினால் இந்தத் தொழிலில் யார் சேர்ப்பார்கள்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்றே வைத்துக்கொண்டாலும், அந்தச் சோற்றை நான்தானே தின்ன வேண்டும்.

அன்றைக்கு அவர் விட்டுப்போன வேலைச் சீட்டில் அவர் போன் நம்பர் இருக்கிறது. நாளைக்குப் போகிறேன்.


மே 17, சனி

போய்விட்டு வந்தேன்.

போனில் சொல்ல மனசு வரவில்லை. வரலாமா என்று மட்டும் கேட்டு விலாசம் வாங்கினேன். கதவைத் திறந்தது அவர் மனைவி. எந்த வீடு என்று சொன்னதும் முகம் மாறிவிட்டது. உட்காரச் சொல்லவில்லை. அவர் தரையில் உட்கார்ந்து யாருடையதோ மேசை விசிறியைப் பிரித்துப் போட்டிருந்தார். காதில் பென்சில் அப்படியே இருந்தது.

மூலத்தின் அட்டவணையையும் என்னுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் தரையில் விரித்தேன். வழியெல்லாம் என்னென்னவோ பேச ஒத்திகை பார்த்திருந்தேன். "நான் ஒரு வரியை வெட்டிட்டேன்" என்பது மட்டும்தான் வந்தது.

அவர் இரண்டு தாளையும் பென்சில் முனையால் வரி வரியாகத் தொட்டுக்கொண்டே போனார். E3ல் நின்றார். பயிற்சியில் இதைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்களாம், காலியாக எதற்கு ஒரு நம்பர் என்று. அப்புறம், அதே தேய்ந்த குரலில், "புக்கு தப்புன்னு முதல் வீட்டுலயே தெரிஞ்சுபோச்சு மேடம். எழுதினவங்க வீட்டுலயே போய் மாட்டுவேன்னுதான் தெரியல" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே அழுதேன். அவர் மனைவி உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். வைத்த வேகத்தில் பாதி சிந்தியது. அந்த மட்டுக்குமாவது வைத்தாரே.

மற்ற மெக்கானிக்குகள் மேல் ஏன் புகார் வரவில்லை என்று கேட்டேன். அது அவர்களுக்குள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வழியாம். புத்தகத்தோடு யார் மல்லுக்கட்டுவது என்று முதல் தடவை பில்டரைக் கழுவிவிட்டு வந்துவிடுவார்களாம். இரண்டாவது தடவை கூப்பிடும்போது சென்சாரை மாற்றினால் வீட்டுக்காரர்கள் வாயைத் திறக்க மாட்டார்களாம். ஹெல்மெட் மெக்கானிக்கின் எட்டு நிமிஷம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. நீங்களும் அப்படிச் செய்திருக்கலாமே என்றேன்.

"ஒரு தடவையில முடியற வேலைக்கு நான் ரெண்டு தடவை போகமாட்டேன் மேடம்."

சர்வீஸ் சென்டர் மேலாளரிடம் புத்தகம் தப்பு என்று சொன்னாராம். கம்பெனி அச்சடித்த புத்தகம் தப்பு, நீ சரியா என்று அந்த மேலாளர் திருப்பிக் கேட்டாராம். திங்கட்கிழமை என்னோடு அங்கே வாருங்கள் என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். போகச் சொன்னது அவர் மனைவி.


மே 18, ஞாயிறு

நாளைக்கு என்ன செய்யப் போகிறேன் என்று எனக்குத் தெரியும். இவரிடம்கூடச் சொல்லவில்லை.


மே 19, திங்கள்

எழுத உட்கார முடியாமல் வீட்டுக்குள் நாலு சுற்றுச் சுற்றிவிட்டு இப்போது உட்கார்கிறேன்.

சர்வீஸ் சென்டர் மேலாளர் தங்கமான மனுஷர், ஆனால் தாளுக்குக் கட்டுப்பட்டவர். மேசைமேல் பேனாக்கள் உயர வரிசைப்படி நிற்கின்றன. நான் விரித்த இரண்டு அட்டவணைகளையும் பார்த்தார். இருக்கலாம், மேலிடத்துக்கு எழுதுகிறேன், அவர்கள் பதில் வரட்டும், ஒரு மாசம் ஆகும் என்றார். பென்சில்காரர் எழுந்திருக்கப் பார்த்தார். நான் எழுந்துவிட்டேன். வீட்டுக்குப் போக அல்ல.

வெளிக்கூடத்தில் அதே மாடல் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவதற்கு வைத்திருப்பது. எல்லாரும் கொஞ்சம் வெளியே வாருங்கள் என்று கூப்பிட்டேன். பென்சில்காரரிடம் சென்சார் ஒயரை மட்டும் பிடுங்கிவிடச் சொன்னேன். அவர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் என்னைப் பார்த்தார். நான் யாரையும் பார்க்கவில்லை, ஏசியைத்தான் பார்த்தேன். இந்தத் தடவை ஏசியைத்தான் பார்த்தேன்!

பிடுங்கினார். ஒரு நிமிஷம். E4.

கையேட்டை மேலாளர் கையில் கொடுத்தேன். "இதுல என்ன போட்டிருக்கோ அதைச் செய்யுங்க சார்."

அவர் யாரையோ கூப்பிடப் போனார். நீங்களே செய்யுங்கள் என்றேன். எங்கிருந்து எனக்கு அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. மனுஷர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, வடிகட்டியைக் கழற்றி, கை கழுவுகிற தொட்டியில் வைத்து, புத்தகத்தில் சொன்னபடியே கழுவினார். நிழலில் உலர்த்தினார். கூடம் முழுக்க நிழல்தான். புகார் எடுக்கிற பெண்கள் போனை அடிக்கவிட்டுவிட்டு வந்து நின்றார்கள். மாட்டினார். போட்டார். E4.

"இன்னொரு தடவை கழுவிப் பாக்கட்டுமா?" என்று கேட்டார் பாருங்கள், எனக்கு என் முகமே கண்ணாடியில் தெரிந்ததுபோல் ஆகிவிட்டது.

பென்சில்காரர் போய் ஒயரைச் சொருகினார். குறி மறைந்தது. ஜில்லென்று வந்தது. ஒரு பெண் கைதட்டிவிட்டு, மேலாளரைப் பார்த்துக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"இதை நீ ஏன்பா எங்கிட்ட முன்னாடியே காட்டல?" என்றார் மேலாளர்.

"நீங்க எனக்குப் புக்கைக் காட்டினீங்க சார்."

அவ்வளவுதான் சொன்னார். கோபம்கூட இல்லை. மேலாளர் மடித்த கையை இறக்கிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பொத்தானைப் போட்டார். அப்புறம் என்னிடம் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். பிழை யாருடையது என்று எழுத்தில் இருந்தால் மூன்று புகாரையும் இன்றே ரத்து செய்துவிடலாம் என்றார்.

ஒருங்கிணைப்பாளர் சொன்னது ஞாபகம் இருந்தது. இருந்தும் எழுதினேன். 'இக்கையேட்டின் அட்டவணையில் E3 முதல் உள்ள பிழை முழுவதும் என்னுடையது. மெக்கானிக் மூன்று வீடுகளிலும் சொன்னது சரி.' இரண்டே வாக்கியம். அறுபத்து மூன்று கையேட்டில் எதற்கும் இவ்வளவு நேரம் எடுத்ததில்லை. கையெழுத்துப் போட்டதும் மனசு பஞ்சாகிவிட்டது.


மே 20, செவ்வாய்

நாளையிலிருந்து அவரை வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள்! போன் செய்தது அவர் இல்லை, அவர் மனைவி. "அவரு பேசமாட்டாரு, அதான் நான் பேசறேன்" என்றார். தண்ணீரைச் சிந்தினதுக்கும் சேர்த்து ஏதோ சொல்ல வந்தார், நான் விடவில்லை.


மே 23, வெள்ளி

நம் வீட்டுக்கு அவரே வந்தார். அவரே வர வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். மகள் கதவைத் திறந்ததும், "அம்மா, உன் ஆசிரியர் வந்திருக்காரு" என்று கத்தினாள். அவளை வைத்துக்கொண்டு மானத்தோடு இருக்க முடியாது.

பழைய சென்சாரைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து மூடச் சொன்னார். மீட்டரில் எண் ஒரு தரம் துள்ளியது, அப்புறம் செத்தாற்போல் நின்றது. அணைத்து வைத்தால் கொஞ்ச நேரம் உயிர் வருமாம், நான் கழுவின போதெல்லாம் ஏசி ஓடியது அதனால்தானாம். புதியதைக் கொடுத்தார். மூடினேன். எண் மெல்ல மெல்ல இறங்கத் தொடங்கியது. சூடு பட்டால் இந்த எண் இறங்குமாம், என் கைச்சூடு அது! விரலைத் திறந்தால் ஏறுகிறது, மூடினால் இறங்குகிறது. நான் விளையாடிக்கொண்டே இருந்தேன். இவர் கடைக்குப் போகாமல் நின்று பார்த்தார், அவருக்கும் ஒரு தடவை பிடித்துப் பார்க்க ஆசை.

"போதும்க்கா, மாட்டணும்" என்றார் மெக்கானிக்.

மேடம் போய் அக்கா ஆகியிருப்பதை நான் கவனித்தேன். அவர் கவனித்தாரா தெரியவில்லை.


ஜூன் 2, திங்கள்

மொழிபெயர்ப்பு நிறுவனத்திலிருந்து கடிதம். தற்சமயம் எனக்கு அனுப்ப வேலை இல்லையாம். பத்து வருஷத்தை ஒன்றரை வரியில் முடித்திருக்கிறார்கள். சுருக்கமாக எழுதுவதை என்னிடமிருந்துதான் கற்றுக்கொண்டார்களோ என்னவோ.

அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை. மத்தியானம் கொஞ்சம் வந்தது.


ஜூன் 4, புதன்

மேலாளர் போன் செய்தார்! கம்பெனி திருத்தத் தாள் அச்சடிக்கப் போகிறதாம், புத்தகத்துக்குள் ஒட்டுகிற மாதிரி. யார் எழுதுவது என்று கேட்டார்களாம். தப்பு எங்கே இருக்கிறது என்று அந்த அம்மாவுக்குத்தான் நன்றாகத் தெரியும் என்று மேலாளரே சொன்னாராம். இதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு யாரும் கொடுத்ததில்லை.


ஜூன் 11, புதன்

திருத்தத் தாள் முடிந்தது. அச்சுக்குப் போகுமுன் பென்சில்காரரை வரவழைத்து மீட்டரும் கையுமாக உட்காரவைத்தேன். நான் வரியைப் படிப்பேன், அவர் தலையை ஆட்டினால்தான் அடுத்த வரி. 'காற்று வடிகட்டி' என்ற இடத்தில் ஆட்டவில்லை. "எந்த வீட்டுலயும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லக்கா" என்றார். பில்டர் என்று மாற்றினேன். எனக்குக் கொஞ்சம் வலித்தது, ஆனால் மாற்றினேன். 'நிழலில்' என்ற இடத்தில் பலமாக ஆட்டினார். வெயிலில் காயவைத்து நெளிந்துபோன பில்டர்களை எத்தனையோ பார்த்திருக்கிறாராம். அந்த அரை மணி நேரம் வீண்போகவில்லை!

E3க்கு எதிரே 'பயன்பாட்டில் இல்லை' என்று அடித்தேன். கடைசியில் இரண்டு பேருமாக E9 வரை விரல்விட்டு எண்ணினோம். ஒன்பது.


ஜூன் 20, வெள்ளி

தாள் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர இன்னும் இரண்டு மாசம் ஆகுமாம். அதுவரைக்கும் பழைய புத்தகம்தான் எல்லார் கையிலும் இருக்கும். அதனால் என் நம்பரைப் பென்சில்காரர் போனில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். என்ன பேரில் போட்டிருக்கிறார் என்று மகள் எட்டிப் பார்த்துவிட்டு வந்து விழுந்து விழுந்து சிரித்தாள். 'E4 அக்கா'.

காலையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எடுத்தேன். பின்னால் ஒரு அம்மா உரத்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். ஏமாளி என்று நினைத்தாயா, எனக்குப் படிக்கத் தெரியாதா என்று. நல்ல வாசகி. பென்சில்காரர் "இந்தாங்க, நீங்களே கேட்டுக்குங்க" என்று போனைக் கொடுத்தார்.

சென்சார்தான், மாற்றச் சொல்லுங்கள், அவர் சொல்வது சரி என்றேன்.

"புக்குல பில்டர்னு போட்டிருக்கே?"

"புக்கு தப்புங்க."

"அச்சடிச்ச புக்கைத் தப்புன்னு சொல்ல நீங்க யாரு?"

"அந்தப் புக்கை எழுதினதே நான்தான்."

அந்த அம்மா குரலை இறக்கி, "அப்போ நான் கழுவி வெச்சிருக்கிற பில்டரை என்ன பண்றது?" என்று கேட்டார்.

நிழலில் காயவையுங்கள் என்றேன். இன்றைக்கு இது மூன்றாவது போன்.